இடது பக்கம் படுத்துக்கொண்ட பஸ்

"பலூன் ரெண்டையும் மாத்தியாச்சுங்ண்ணா. இன்னமும் அப்படியேதான் படுக்குது."

சேலம் பைபாஸ் ஓரம் எங்கள் ஷெட். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போதே டிரைவர் சொன்னது இது. 12 மீட்டர் டூரிஸ்ட் பஸ். கல்யாணம், கோயில் டிரிப் என்று ஓடுவது. ஸ்பிரிங் பட்டைக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர் பலூன்களின் மேல் நிற்கிற வண்டி. முன் ஆக்சிலுக்கு இரண்டு பலூன், பின் ஆக்சிலுக்கு நான்கு. ராத்திரி மண்டப வாசலில் நேராக நிற்கிற வண்டி, விடிந்து பார்த்தால் பின்பக்கம் இடப்புறமாக ஒருக்களித்துக் கிடக்கும். ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் விட்டால் எழுந்துவிடும். இதற்கு முன் பார்த்த இடத்தில் இடது பின் பலூன்கள் இரண்டையும் மாற்றி பில்லும் போட்டுவிட்டார்கள். இரண்டு மூன்று நாள் சரியாக இருந்ததாம். அப்புறம் பழநியில் மறுபடி படுத்துவிட்டது. இப்போது ஓனர் போனில், "வலது பக்கமும் ரெண்டு போட்ருங்க, ஜோடியா இருக்கட்டும்" என்கிறார்.

"ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க. பலூன் வாங்க வேண்டாம்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. முகூர்த்த சீசன்.

இந்த வண்டியில் சஸ்பென்ஷனுக்கு சென்சாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. சொகுசுக் கார் என்றால் ஸ்கேனரைச் செருகி எந்த மூலையில் கோளாறு என்று பார்க்கலாம். இங்கே ஸ்கேனர் என்பது டேப்பும் சாக்பீஸும் ஷாம்பு கரைத்த தண்ணியும்தான். உயரத்தைப் பார்த்துக்கொள்வது லெவலிங் வால்வு. சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், அது உட்கார்ந்திருக்கும். அதன் கை ஒரு சின்ன லிங்க் ராடு வழியாக ஆக்சிலோடு சேர்ந்திருக்கும். ஆள் ஏறி பாடி கீழே இறங்கினால் கை மேலே போகும், வால்வு டேங்கிலிருந்து பலூனுக்குக் காற்று விடும். ஆள் இறங்கி பாடி எழும்பினால் கை கீழே வரும், பலூன் காற்று வெளியே போகும். நடுவில் இருந்தால் இரண்டு வழியும் மூடியிருக்கும். அவ்வளவுதான். அமெரிக்காவில் 1953-லேயே கிரேஹவுண்டு பஸ்களில் ஓடிய சங்கதி, இன்றும் பெரிதாக மாறவில்லை.

இந்த வண்டியில் வால்வு மொத்தம் மூன்று. பின்னால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, முன்னால் நடுவில் ஒன்று. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பது போல, மூன்று புள்ளியில்தான் பாடி நிற்கும். நாலு மூலைக்கும் நாலு வால்வு வைத்தால் ஒன்றோடு ஒன்று சண்டை போடும். முன் பலூன் இரண்டும் ஒரே வால்வில் தின்பதால், பக்கவாட்டுச் சாய்வை முன்பக்கம் அதிகம் தடுக்காது. பின்னால் ஒரு பக்கம் இறங்கினால் மொத்த பஸ்ஸும் அந்தப் பக்கம் சாய்ந்த மாதிரிதான் தெரியும். இது தெரியாமல் முன் பலூனையும் சேர்த்து மாற்றினவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் டிரைவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். படுத்துக் கிடக்கும்போது ஏர் கேஜ் எவ்வளவு காட்டும்?

"ஆறு கிலோ நிக்கும்ண்ணா. ஏர் எறங்கறதே இல்ல."

கிலோ என்பது காற்றழுத்தக் கணக்கு. எறங்கவில்லை என்று அவர் நினைக்கிறார். டேஷ்போர்டில் இருக்கிற இரண்டு முள்ளும் பிரேக் டேங்கைக் காட்டுகின்றன. சஸ்பென்ஷன் டேங்குக்குக் கேஜே கிடையாது. நடுவில் இருக்கிற பாதுகாப்பு வால்வு, மற்ற லைனில் எங்கே காற்று ஒழுகினாலும் ஆறு கிலோ வாக்கில் மூடிக்கொண்டு பிரேக்குக்கு வேண்டியதைக் காப்பாற்றிவிடும். அதனால் எட்டில் நிறுத்திய வண்டி காலையில் ஆறில் நின்றால், பிரேக்குக்கு ஆபத்தில்லை, ஆனால் வேறு எங்கேயோ நன்றாகவே ஒழுகுகிறது என்று அர்த்தம். டிரைவர் வாயாலேயே பாதி விடை வந்துவிட்டது. எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

சஸ்பென்ஷன் டேங்கில் டீ (T வடிவ பைப் இணைப்பு) போட்டு ஒரு கேஜ் மாட்டினேன். மட்டமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, காற்று நிரம்பியதும் பின் ஆக்சிலின் தலையிலிருந்து சேசிஸின் அடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தேன். வலது 285 மில்லிமீட்டர். இடது 300. புத்தகத்தில் இரண்டு பக்கமும் 285. படுக்கிற பக்கம் 15 மில்லிமீட்டர் உயரமாக நிற்கிறது!

குனிந்து பார்த்தால் இடது லிங்க் ராடில் புதுசாக ஸ்பானர் பட்ட வெள்ளைக் கீறல். பலூன் மாற்றியும் படுக்கிறதே என்று ராடை நீட்டிவிட்டிருக்கிறார்கள். ராடு நீண்டால் வால்வின் கை எப்போதும் கொஞ்சம் மேலே நிற்கும், பாடியும் அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கி நிற்கும். சாயங்காலம் தூக்கி நின்றால் காலையில் குறைவாகப் படுக்கும் என்ற கணக்கு போலிருக்கிறது. அதை அப்படியே விட்டேன். கோளாறு பிடிபடுவதற்கு முன்னால் எதையும் திருத்தக்கூடாது என்பது என் பழக்கம். திருத்திவிட்டால் எது எதனால் மாறியது என்று அப்புறம் தெரியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா அளவையும் ஷெட் சுவரில் சாக்பீஸில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனோம். கிளீனர் பையனும் ஆத்தூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

காலை ஆறு மணிக்குப் போனால் பஸ் ஜம்மென்று நேராக நிற்கிறது. இடது 297, வலது 282. டேங்க் கேஜ் எட்டிலிருந்து ஏழரைக்கு வந்திருக்கிறது. டிரைவருக்கு ஒரே வெட்கம். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுப்போகுமே, அந்த நிலைமை. "சத்தியமா படுக்கும்ண்ணா" என்று போனில் இருந்த போட்டோவை எடுத்துக் காட்டினார். போட்டோவில் பஸ், ஒரு மண்டபத்து வாழைமரத் தோரணத்துக்குப் பக்கத்தில், தோரணத்தைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தது.

அன்று பகல் முழுக்க சோப்புத் தண்ணி வேலை. துணி துவைக்கிற பவுடரைவிட ஷாம்பு பாக்கெட் நல்லது. நுரை மெல்லிசாக வந்து நின்று பேசும். பெயின்ட் பிரஷ்ஷில் தொட்டு, பலூனின் மடிப்பு, மேல் தட்டு, அடியில் பிஸ்டனோடு சேரும் விளிம்பு, நைலான் பைப்பின் ஒவ்வொரு யூனியன் (இணைப்பு), வால்வின் வெளியேற்றத் துவாரம் என்று வரிசையாகத் தடவினோம். வலது முன் யூனியன் ஒன்றில் கடுகு கடுகாக நுரை கட்டியது. பைப்பைச் சாய்வாக அறுத்துச் செருகியிருந்தார்கள். நேராக அறுத்து மாட்டியதும் நின்றது. நமக்கு வேண்டிய கோளாறு அதுவல்ல. இடது பின்பக்கம் ஒரு குமிழிகூட இல்லை. லெவலிங் வால்வின் வெளியேற்றத் துவாரத்தின் மேல் ஷாம்புப் படலம் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்று, காய்ந்து, தானாக உடைந்தது.

டிக்கியில் பழைய பலூன்கள் இரண்டும் கிடந்தன. வெளியே எடுத்து மடிப்பை விரித்துப் பார்த்தேன். மேல் ரப்பரில் மயிர் கோடாகச் சின்ன வெடிப்புகள். உள்ளே இருக்கிற நூல் எங்கேயும் தெரியவில்லை. நூல் தெரிந்தால்தான் பலூன் ஆயுசு முடிந்தது என்பேன். இதை வண்டியில் மாட்டாமல் தனியாகக் காற்று அடித்துச் சோதிக்கிற வேலை மட்டும் வேண்டாம். கட்டுப்பாடு இல்லாமல் உப்பிய பலூன் வெடித்தால் தட்டு எந்தத் திசையில் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கிரீஸ் அழுக்கென்று டீசலில் கழுவுவதும் தப்பு. ரப்பரை டீசல் ஊற வைத்துக் கொன்றுவிடும். சோப்புத் தண்ணி போதும்.

இரண்டாம் நாள் ராத்திரியும் அளவு எழுதிவிட்டுப் போனோம். அன்று கிளீனர் பையன் ஊரிலிருந்து திரும்பி பஸ்ஸிலேயே படுத்தான்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அவனிடமிருந்து போன். "அண்ணா, படுத்துருச்சுங்ண்ணா!" குரலில் அவ்வளவு சந்தோஷம்.

இடது 208. வலது 280. டேங்க் கேஜ் ஒரு கிலோ. டேஷ்போர்டு முள் ஆறில். டிரைவர் சொன்னதெல்லாம் அப்படியே நடந்திருக்கிறது. முதல் ராத்திரி நடக்காதது இரண்டாம் ராத்திரி நடந்திருக்கிறது என்றால், இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். வண்டி அதே தரை, அதே காற்று. மாறியது ஒன்றே ஒன்று, பையன்.

"ராத்திரி என்னடா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலீங்ண்ணா. கொசு பிடுங்குச்சு, கதவச் சாத்திட்டுப் படுத்தேன்."

கதவு. காற்றில் ஓடுகிற கதவு. ஷெட்டில் பகல் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் திறந்தேதான் கிடந்தது. முதல் ராத்திரி அப்படியே விட்டுவிட்டுப் போனோம். டிரிப்பில் என்றால் எந்த மண்டபத்திலும் ராத்திரி கதவைச் சாத்தாமல் படுக்க மாட்டார்கள். இன்ஜினை ஓட்டிக் காற்றை நிரப்பி, கதவைச் சாத்தி, எல்லோரையும் வாயை மூடச் சொன்னேன். படிக்கட்டுக்கு மேலே பலகைக்குள் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். கதவைத் திறந்தால் நின்றுவிடுகிறது.

"இந்தச் சத்தமா? இது எப்பவும் கேக்குமேண்ணா. பாம்பு சீறற மாதிரி. ஏசின்னு நெனச்சேன்" என்கிறான் பையன். அவனிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை, இரண்டு நாளாக.

பலகையைக் கழற்றிச் சிலிண்டரைப் பிரித்தோம். பிஸ்டனில் முதுகோடு முதுகு வைத்த மாதிரி இரண்டு ரப்பர் கப். ஒன்று திறக்கிற காற்றைத் தாங்க, மற்றது மூடுகிற காற்றைத் தாங்க. மூடுகிற பக்கத்து கப்பின் உதடு ஒரு இடத்தில் கிழிந்து தொங்கியது. கதவு மூடியிருக்கும் வரை காற்று அந்தக் கிழிசல் வழியாக மறுபக்கம் போய், வால்வின் சைலன்சர் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். அதோடு, பாடி கட்டியவர்கள் கதவுக்கான காற்றைச் சஸ்பென்ஷன் டேங்கிலிருந்தே டீ போட்டு எடுத்திருந்தார்கள். டேங்க் ஏன் காலி என்ற கேள்வி முடிந்தது.

ஆனால் இதை வைத்து வேலையை மூடினால் நானும் பாதி வேலைக்காரன்தான். டேங்க் காலியானால் மூன்று வால்வுக்கும் சமமாகத்தானே காலி? இடது மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

லெவலிங் வால்வின் நுழைவாயிலில் ஒரு சின்ன ஒருவழி வால்வு இருக்கும். டேங்கில் காற்று இல்லாவிட்டாலும் பலூன் காற்று திரும்பி ஓடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. இடது பக்கம் அது பிடிக்கவில்லை என்று சந்தேகம். சோதிக்க வழி சுலபம் என்று நினைத்தேன்: டேங்கைக் காலி செய், இடது இறங்குகிறதா பார்.

கீழே போவதற்கு முன்னால் சேசிஸுக்கு அடியில் இறங்க இடம் விட்டு நாலு இடத்தில் இரும்பு ஸ்டாண்டு, சக்கரங்களுக்குக் கட்டை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. காற்றில் நிற்கிற பஸ்ஸுக்கு அடியில் தலையை விடுவது, யாரோ கையில் பிடித்திருக்கிற அம்மிக்கல்லுக்குக் கீழே படுப்பது போல. பைப் ஒன்று பிடுங்கிக்கொண்டால் நகர நேரம் இருக்காது.

டேங்கின் அடியில் தொங்குகிற வளையத்தை இழுத்துக் காற்றைத் திறந்துவிட்டோம். காற்றோடு முதலில் வந்தது மோர் மாதிரி வெள்ளையாக ஒரு திரவம். தண்ணியும் கம்ப்ரசர் ஆயிலும் கலந்த குழம்பு. அதைப் பார்த்ததுமே, காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கிற ஏர் டிரையர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. டேங்க் பூஜ்யத்துக்கு வந்தது. பத்து நிமிஷம் காத்திருந்தோம். இடது பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை.

டீ குடிக்கப் போனோம். பாதி டீயில்தான் புரிந்தது. வண்டி சரியான உயரத்தில் இருக்கும்போது வால்வின் கை நடுவில் இருக்கிறது. நடுவில் இருந்தால் உள்வழி தானாகவே மூடியிருக்கும். ஒருவழி வால்வு கெட்டிருந்தாலும் தெரியாது. ராத்திரி நடப்பது வேறு. பங்குனி மாதம் சாயங்காலம் 38 டிகிரி, விடிகாலை 24. பலூனுக்குள் காற்று குளிர்ந்தால் நாலரை சதவீதம் சுருங்கும். பாடி பத்து மில்லிமீட்டர் வாக்கில் தாழும். தாழ்ந்ததும் கை மேலே போய் வால்வு திறந்து டேங்கிடம் காற்று கேட்கும். டேங்கில் காற்று இருந்தால் வாங்கி நிரப்பிக்கொள்ளும். முதல் ராத்திரி மூன்று மில்லிமீட்டரோடு நின்றது அதனால்தான். டேங்க் காலியாக இருந்து, ஒருவழி வால்வும் பிடிக்காவிட்டால்? கடன் கேட்கப் போனவன் மடியில் இருந்ததையும் பறிகொடுத்துவிட்டு வருவான். காற்று திரும்பி ஓட ஓட பாடி இன்னும் தாழும், கை இன்னும் மேலே போகும், வழி இன்னும் அகலமாகத் திறக்கும்.

திரும்பிப் போய் வலது லிங்க் ராடின் நட்டைக் கழற்றி, கையை விரலால் மேலே தூக்கிப் பிடித்தேன். சில வால்வுகள் சில விநாடி தாமதித்துத்தான் திறக்கும், அதனால் பத்து எண்ணும் வரை பிடித்தேன். டேங்கின் வளையத்தை இழுத்துப் பிடித்து, அடியில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருந்த பையன், "ஒண்ணும் இல்லீங்ண்ணா" என்றான். இடது பக்கம் வந்து அதே மாதிரி தூக்கினேன்.

"வருதுங்ண்ணா! வருது வருது!"

காலியான டேங்கின் அடியிலிருந்து காற்று. பலூனிலிருந்து வால்வு வழியே பின்னால் வந்து அவன் உள்ளங்கையில் அடிக்கிறது. சேசிஸ் முனகிக்கொண்டே ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்தது. இந்த வழியில் போகிற காற்றுக்கு எந்தப் பலூனில் சோப்பு தடவினாலும் குமிழி வராது. வெளியே வந்தால்தானே குமிழி.

வால்வைக் கழற்றி உள்ளே பார்த்தோம். நுழைவாயிலில் அதே மோர்க்குழம்பு காய்ந்து பழுப்பு நிறத்தில் பசையாகி இருந்தது. ஒருவழி வால்வின் ரப்பர் முகத்தில் கேழ்வரகு அளவுக்கு ஒரு துருச் செதில் அமுங்கி, பள்ளம் போட்டிருந்தது. ஊசியால் எடுத்துவிட்டு மறுபடி மாட்டியிருக்கலாம்; பள்ளம் விழுந்த ரப்பரை நான் நம்புவதில்லை. புது வால்வு போட்டோம். ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜ் எப்போது மாற்றியது என்று டிரைவருக்கும் தெரியவில்லை, ஓனருக்கும் தெரியவில்லை. அதையும் மாற்றி, எல்லா டேங்கையும் சுத்தமான காற்று வரும் வரை வடித்தோம். ஆயில் வருவதற்குக் கம்ப்ரசரைப் பார்க்கணும் என்று சொன்னேன். ஓனர், "அது சீசன் முடியட்டுங்க" என்றார். அடைப்பு இல்லாமல் டிரையர் கொஞ்ச காலம் தாங்கும், தினமும் வளையத்தை இழுத்து வடித்தால். டிரைவரிடம் சொல்லிப் பயனில்லை என்று பையனிடம் சொன்னேன்.

கதவு சிலிண்டருக்கு சீல் கிட். அரை மணி வேலை. கதவு லைனைச் சஸ்பென்ஷன் டேங்கிலிருந்து பிரித்து வேறு இடத்தில் கொடுப்பது நல்லது. அதற்கு இந்தத் தடவை நேரம் இல்லை.

கடைசியாகத்தான் இடது லிங்க் ராடைத் தொட்டேன். 285 வரும் வரை சுருக்கி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்து அளந்தேன். நின்ற இடத்திலேயே திருகித் திருகி அளந்தால் அளவு பொய் சொல்லும்.

அன்று ராத்திரி கதவைச் சாத்தி, பையனையும் உள்ளே படுக்க வைத்தோம். காலையில் இடது 282, வலது 282. டேங்க் ஏழு கிலோ. அடுத்த நாள் வண்டி கொடுமுடிக்கு டிரிப் போனது.

ஓனர் பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப நான் மாத்துன புதுப் பலூன்?" அது நல்லாவே இருக்கிறது, ஓடட்டும் என்றேன். பழையது இரண்டையும் டிக்கியிலேயே ஸ்பேராக வைத்துக்கொள்ளச் சொன்னேன். வலது வால்வை நான் மாற்றவில்லை. ஜோடியாக மாற்றணும் என்பார்கள். அது பிடித்து நிற்கிறது, அதைக் கையால் சோதித்தும் பார்த்துவிட்டேன். ஆனால் அதுவும் இதே மோரைத்தான் இத்தனை நாள் குடித்திருக்கிறது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வரும்போது ஒருதரம் திறந்து பார்க்கணும் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறேன், அந்த 208-க்குப் பக்கத்தில்.